கடல் பக்கத்துக் கணக்கு

பேராசிரியர் ரகுபதி கட்டுரையைத் திருப்பித் தரவில்லை. மேஜையில் வைத்து, அதன் மேல் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டை வைத்தார்.

"பதினோரு பேர் அதிகம்," என்றார். "போன மாசம் காலரா ஊசி போட வந்தவங்க அந்தக் குப்பத்துல இருநூத்தியொரு பேருக்குப் போட்டிருக்காங்க. நீ இருநூத்திப் பன்னிரண்டுன்னு எழுதியிருக்கே. வீட்டுல உக்காந்து நிரப்பினியா?"

"இல்ல சார். வீடு வீடாப் போய், எத்தனை பேருன்னு கேட்டேன். சொன்னதை எழுதினேன்."

"கணக்கு நேராகாம என் கையெழுத்து கிடையாது. கட்டுரை ஆராய்ச்சிப் பத்திரிகைக்குப் போகலேன்னா உன் பட்டமும் இல்லை."

டோரதி வெளியே வந்தாள். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் சாலையில், கடல் வருடா வருடம் தின்றுகொண்டிருந்த அந்தக் குப்பத்துக்கு இரண்டு ஆண்டுகளாக அலைந்திருந்தாள். ராயபுரத்தில் அவள் தெருவில் ஆராய்ச்சி மாணவி என்று வேறு யாரும் கிடையாது. பொய் எழுதினாள் என்று பேர் வந்தால் அந்தத் தெருவில் மறுபடி நடக்க முடியாது.

மறுநாள் குப்பத்தில் பச்சையம்மாவைப் பிடித்தாள். மீன் விற்கிறவள். நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம்.

"உங்க வீட்டுல ஆறு பேருன்னு சொன்னீங்க. அஞ்சு பேரைத்தானே பாக்கறேன்?"

"எம் புருசனைச் சேக்கலயா நீ?"

"அவர் எங்கே?"

பச்சையம்மா மீன் வெட்டும் கத்தியைக் கடல் பக்கம் நீட்டினாள். "மூணு வருசமாச்சு போயி. பொணம் கரையேறல. கரையேறாதவன எப்டி டீச்சரம்மா கழிக்கிறது? கழிச்சா அது எங்க போவும்?"

"ஊசி போட வந்தவங்க கிட்ட சொல்லலையே?"

"அவன் கைய நீட்டச் சொன்னான். நீ எத்தினி பேருன்னு கேட்ட. கேட்டதுக்குத்தான பதிலு?" என்று சொல்லிச் சிரித்தாள்.

பதினோரு வீடுகளில் அப்படி ஒருவர் இருந்தார். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது தலைக்கு ஓர் ஆழாக்குக் கேழ்வரகு மாவு தரவேண்டும். வராதவர்களுக்கும் சேர்த்தே அளந்தார்கள்.

இதைக் கேட்டுப் பேராசிரியர் முதல் முறையாகச் சிரித்தார். "நல்ல அடிக்குறிப்பு. பதினொன்னைக் கழிச்சுடு." சட்டென்று சிரிப்பு நின்றது. "ஆனா இதையும் நீ கட்டிவிடலைன்னு எனக்கு எப்படித் தெரியும்? கூழ் ஊத்தற அன்னிக்கு யாரும் தொழிலுக்குப் போக மாட்டாங்கன்னு சொன்னே இல்லையா? நானே வரேன். ரெண்டு பேரும் தனித்தனியா எண்ணுவோம். இருநூத்தியொண்ணு வந்தா அங்கேயே கையெழுத்து."

டோரதியின் அப்பா கஸ்பார், துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிறவர். கட்டைவிரலால் அமுக்கினால் எண் ஏறும் சின்ன இரும்புக் கருவிகள் இரண்டைக் கொடுத்தார்.

"கப்பல் பக்கம் ஒர்த்தன் நிக்கணும், கரைப் பக்கம் ஒர்த்தன் நிக்கணும். சரக்கு நடுவுல போவும். ஒர்த்தன் மூஞ்சிய ஒர்த்தன் பாக்கக் கூடாது. கணக்கு ஒத்து வரலயா, ரெண்டையும் எழுதிடணும். எதையும் அழிக்கக் கூடாதும்மா."

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். வானத்தில் மேகமே இல்லை. அலை கோயில் வாசலுக்கு வெகு அருகில் வந்து திரும்பிக்கொண்டிருந்தது. கூழ் அண்டாவின் கடல் பக்கத்தில் பேராசிரியர் குடையோடு நின்றார். கோயில் சுவரோரம் டோரதி. நடுவில் வரிசை. ஊற்றுவது பச்சையம்மா.

"இன்னா சார், கோயிக் குஞ்சு எண்றியா?" என்றான் ஒருவன்.

"வாத்தியாரை நெயல்ல நிக்கச் சொல்லுங்கடா. கருவாடா பூடுவாரு," என்றாள் பச்சையம்மா. வரிசை சிரித்தது.

கைக்குழந்தைக்கும் தனியாக ஊற்றினார்கள். அவ்வப்போது பச்சையம்மா கரண்டியைக் கடல் பக்கமாகத் திருப்பி, அண்டா ஓரத்தில் சாய்த்தாள். மணலுக்குப் படைக்கிறாள் என்று டோரதி நினைத்துக்கொண்டாள். கடைசி ஆள் சொம்பை நீட்டியபோது கரண்டி அண்டாவின் அடியைச் சுரண்டியது. சொட்டு மிச்சமில்லை.

டோரதியின் கருவி இருநூற்றியொன்று காட்டியது. பிழைத்தோம் என்று சுற்றிக்கொண்டு ஓடினாள். பேராசிரியர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இருநூற்றிப் பன்னிரண்டு.

"விரல் தவறி அமுக்கியிருக்கும் சார்."

அவர் கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பஸ் ராயபுரத்தை நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"நடுவுல மழை பெஞ்சுதா?"

"இல்லையே சார்."

"அப்ப சில பேர் மட்டும் ஏன் நனைஞ்சிருந்தாங்க?"

டோரதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க பாத்திரம் கொண்டுவரலை," என்றார். "ரெண்டு கையையும் சேத்துப் பிடிச்சு வாங்கினாங்க."

மறுநாள் கட்டுரையில் தன் கையாலேயே இருநூற்றிப் பன்னிரண்டு என்று எழுதினார். டோரதி தயங்கிச் சொன்னாள்: "நான் பாத்தது இருநூத்தியொண்ணு சார்." அப்பா சொன்னபடி இரண்டையும் எழுதினார்கள். கையெழுத்து கோணலாக விழுந்தது.

பேராசிரியர் பார்த்தது எப்படியோ குப்பத்துக்கு எட்டியிருந்தது. பச்சையம்மா டோரதியை வழிமறித்தாள். "வருசா வருசம் ஊத்துறோம். நாங்க யாரும் கண்ணால பாத்ததில்ல. எங்க ஆளு எளச்சிட்டாரான்னு உங்க வாத்தியாரக் கேட்டுச் சொல்லு தாயி."

டோரதி கேட்டாள். பேராசிரியர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். "நான் முகத்தைப் பாக்கலை. என்னால முடியலை. இனிமே என்னை அங்கே கூப்பிடாதே."

மாதங்கள் கழித்துப் பம்பாயிலிருந்து அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் எழுதியிருந்தார். ஒரு கட்டுரையில் இரண்டு மக்கள்தொகை இருக்க முடியாது, ஒன்றைத் தெரிவிக்கவும், தவறினால் கட்டுரை வெளிவராது. பேராசிரியர் கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "நீ எந்த எண்ணைச் சொன்னாலும் ஒத்துக்கறேன். ஆனா நீ பாத்துட்டுச் சொல்லு."

அடுத்த ஆடியில் டோரதி தனியாகப் போனாள். போன வருடம் அவள் நின்ற கோயில் சுவரில் பாதி இப்போது இல்லை, கடல் கொண்டுபோயிருந்தது.

"இன்னா டீச்சரம்மா, இந்தப் பக்கம் வந்து நிக்கிற?" என்றாள் பச்சையம்மா. குரலில் கேலி இல்லை.

போன வருடம் பேராசிரியர் நின்ற பக்கத்தில், டோரதி கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். சிறுவர்கள் வந்தார்கள், அமுக்கினாள். கிழவர்கள் வந்தார்கள், அமுக்கினாள். பிறகு வரிசையில் ஓர் ஆள் அளவுக்கு இடைவெளி. பச்சையம்மா கரண்டியை அவள் பக்கமாகத் திருப்பினாள்.

அலை பின்வாங்கியிருந்த நேரம். ஆனாலும் டோரதியின் பாதத்தில் குளிர்ந்த நீர் சொட்டியது. அவள் தலையை நிமிர்த்தவில்லை. கரண்டியை மட்டும் பார்த்தாள். அதன் கீழே சேர்த்துப் பிடித்த இரண்டு கைகள், தண்ணீரில் நாள்பட ஊறி வெளுத்துச் சுருங்கிப்போன கைகள். கூழ் அவற்றில் நிறைந்தது. ஒரு சொட்டுகூட மணலில் விழவில்லை.

"எளச்சிட்டாரா?" என்று பச்சையம்மா மெல்லக் கேட்டாள்.

டோரதி கருவியை அமுக்கினாள்.