நான்கு இருபதுக்கு உயர்ந்த கை

இலக்கியத் துறைத் தலைவரின் வலது கை ஒரு வியாழக்கிழமை மாலை நான்கு இருபதுக்குத் தலைக்கு மேலே போனது. பதினோரு ஆண்டுகளாக அது இறங்கவில்லை. அப்போது அவர் ஆசிரியர் அறைக் குழாயடியில் தன் தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். கோப்பை இடது கையில் இருந்ததால் உடையவில்லை. முழங்கை மடங்காமல், விரல்கள் சேர்ந்து, உள்ளங்கை முன்பக்கம் பார்க்க, விடை தெரிந்த மாணவன் தூக்குவது போல நின்றது கை. பக்கத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கணக்கு ஆசிரியர், ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்து, "சொல்லுங்க சார்" என்றார். துறைத் தலைவர் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கணக்கு ஆசிரியர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்று நான்கு மணிக்குத்தான் கல்லூரியில் ஒரு விசாரணை முடிந்திருந்தது. விசாரிக்கப்பட்டவள் மூன்றாம் ஆண்டு மாணவி, கல்லூரிப் பேருந்து ஓட்டுநரின் ஒரே மகள். மாதிரித் தேர்வில் ஒரு கேள்விக்கு விடை எழுதியதுதான் அவள் செய்த குற்றம். 'இலக்கியம் அதிகாரத்தை எவ்வாறு ஆராய்கிறது? சமூகத்தில் அதன் பங்கு என்ன? கட்டுரை வடிவில் எழுதுக. இருபது மதிப்பெண்.' பத்தொன்பது ஆண்டுகளாகத் துறைத் தலைவர் இதே கேள்வியைத்தான் கேட்டு வந்தார். விடையையும் அவரே சொல்லிக் கொடுத்துவிடுவார்: நான்கு உட்தலைப்புகள், தலைப்புக்கு ஐந்து வரி. பிள்ளைகள் அதை அப்படியே இறக்கி வைப்பார்கள், அவர் பன்னிரண்டோ பதின்மூன்றோ போடுவார், யாருக்கும் ஒரு சேதமும் இல்லை. இந்தப் பெண் மட்டும் உட்தலைப்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டு நான்கு பக்கத்துக்கு ஒரு கதை எழுதி வைத்தாள்.

அந்தக் கதையில் ஓர் ஆசிரியர் அதிகாரத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். 'உண்மையான அதிகாரம் வாய் திறந்து எதையும் கேட்பதில்லை, ஏனென்றால்...' என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது வாசலில் தாளாளரின் கார் ஹாரன் கேட்கிறது. ஆசிரியர் வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வகுப்பு வாசலில் போய்க் கைகட்டி நிற்கிறார். கார் கடந்து போகிறது. உள்ளே தாளாளர் இல்லை. வண்டியைக் கழுவிக் கொண்டுவரும் டிரைவர் மட்டும் இருக்கிறார். ஆசிரியர் திரும்பி வந்து அடுத்த உட்தலைப்பைத் தொடங்குகிறார். பிள்ளைகளின் நோட்டுகளில் 'ஏனென்றால்' என்ற சொல்லுக்குப் பிறகு இரண்டு வரி காலியாகக் கிடக்கிறது. மூன்றாம் பக்கம் வரை இதில் கற்பனை என்று பெரிதாக எதுவும் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த வகுப்பில் நாற்பத்தோரு பேர் பார்த்ததுதான். தாளாளரின் கல்லூரியில் அப்படி எழுந்து நிற்காதவர் யாரும் இல்லை என்பதால், அதைப் பார்த்தும் யாரும் பார்த்ததாக நினைக்கவில்லை. எழுதிப் படித்தபோதுதான் அது நடந்தது போல இருந்தது.

துறைத் தலைவர் அதைத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து இரண்டு முறை படித்தார். முதல் முறை முகம் சுட்டது. இரண்டாம் முறை கோபம் வந்தது. அப்போது அவர் துறைத் தலைவர்கூட இல்லை. பொறுப்புத் தலைவர்தான், பதவியை உறுதி செய்யும் கடிதம் தாளாளரின் மேசையில் மூன்று மாதமாகக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. மறுநாள் காலை விடைத்தாள் கட்டிலிருந்து அந்த ஒன்றை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு போய் முதல்வரிடம் கொடுத்தார். ஆலோசனை கேட்பதற்காக என்றுதான் வீட்டுப் படி இறங்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முதல்வர் ஒரு மணி நேரத்தில் அதைத் தாளாளரிடம் கொண்டு போனார். தாளாளர் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. "இதைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவு போதுமானதாக இருந்தது.

விசாரணை மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். முதல்வர், கல்லூரி மேலாளர், இரண்டு மூத்த ஆசிரியர்கள், பொறுப்புத் துறைத் தலைவர். பெண்ணுக்கு நாற்காலி போடவில்லை. அவள் நின்றுகொண்டே, மாதிரித் தேர்வுத் தாள் தேர்வறையிலிருந்து நேராகத் திருத்துகிறவர் கைக்குத்தானே போகும், இங்கே எப்படி வந்தது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அலுவலகத்தில் கட்டுப் பிரிந்து கிடந்ததாக முதல்வர் சொன்னார். அவள் பொறுப்புத் தலைவர் பக்கம் திரும்பி, "சார், நீங்க படிச்சீங்களா?" என்றாள். அவர், "இல்லம்மா, நான் இன்னும் கட்டையே பிரிக்கல" என்றார். அவள் அதை நம்பினாள். நம்பியதோடு நிற்காமல் மற்ற நால்வரைப் பார்த்து, "சார் படிச்சிருந்தா மார்க் போட்டிருப்பாரு" என்றும் சொன்னாள். பிறகு அவளை வெளியே நிற்கச் சொன்னார்கள். யாருக்காவது ஏதாவது சொல்ல இருந்தால் கை தூக்கலாம் என்று முதல்வர் முறைக்குச் சொன்னார். ஒரு கையும் எழவில்லை. இறுதித் தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது அவள் பெயர் அடிக்கப்பட்டது. இருபது நிமிடம் கழித்துக் குழாயடியில் கை எழுந்தது. மற்ற நால்வரின் கைகளுக்கு எதுவும் ஆகவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிட வேண்டும். நால்வரும் நன்றாக எழுதுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், பேரப்பிள்ளைகளைத் தூக்குகிறார்கள்.

பெண்ணுக்கு வீட்டுக்குப் போக அப்பாவின் பேருந்தை விட்டால் வேறு வழியில்லை. ஐந்து மணி வரை அதிலேயே உட்கார்ந்திருந்தாள். தூக்கிய கையோடு பொறுப்புத் தலைவரும் அதே பேருந்தில் ஏறினார், ஏனென்றால் அவரும் அதில்தான் போக வேண்டும். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். மூடிய கதவுக்குப் பின்னால் தனக்காக ஒருவர் கை தூக்கியிருக்கிறார், தூக்கிய கை வேதனையில் அப்படியே நின்றுவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்து தன் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, "தேங்க்ஸ் சார்" என்று சொல்லி அழுதாள். ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு வந்து அவர் முன்னால் கும்பிட்டு நின்றார். இல்லையம்மா என்று சொல்லப் பொறுப்புத் தலைவருக்கு மொத்தம் பதினொரு நிறுத்தங்கள் இருந்தன. அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். முதல் பொய்யை அவர் வாய் சொன்னது. இரண்டாவதை அந்தக் கை சொன்னது, அவர் மறுக்கவில்லை. இரண்டில் எது கேவலம் என்று கேட்டால் இதை எழுதுகிறவருக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு வைத்தியம் நடந்தது. நரம்பு மருத்துவர், எலும்பு மருத்துவர், எண்ணெய் தடவுகிறவர், மின்சாரம் பாய்ச்சுகிறவர் எல்லாரும் பார்த்தார்கள். மணிக்கட்டில் ஒரு வாளித் தண்ணீரைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கை வாளியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நின்றது. படுத்தால் கூரையைப் பார்த்தது. மனைவி கொசுவலையில் ஓட்டை போட்டார், சட்டைகளின் வலது பக்கத்தைப் பிரித்துப் பொத்தான் வைத்துத் தைத்தார். சாலையில் நடந்தால் ஆட்டோக்கள் வந்து வந்து நின்று திட்டிவிட்டுப் போயின. வகுப்பில் பாடம் முடிந்து யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று அவர் கேட்கும்போது, தூக்கியிருந்த ஒரே கை அவருடையதாக இருந்தது. ஓராண்டில் எல்லாருக்கும் பழகிவிட்டது.

பதவியை உறுதி செய்யும் கடிதம் அடுத்த வாரமே வந்தது. துறைத் தலைவர் என்ற முறையில் கல்விக் குழுவிலும் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கே தீர்மானங்களைக் கை தூக்கித்தான் நிறைவேற்றுவார்கள். மாணவர் சுவரிதழை நிறுத்துவது, நூலக நேரத்தைக் குறைப்பது, புதுக் கட்டடத்துக்குத் தாளாளரின் அப்பா பெயரை வைப்பது எல்லாவற்றுக்கும், தீர்மானத்தைப் படிப்பதற்கு முன்பே ஒரு கை மேலே இருந்தது. எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றபோதும் அது மேலேதான் இருந்தது, ஆனால் எழுத்தர் அதை ஏற்கெனவே எண்ணிவிட்டதால் மறுபடி எண்ணவில்லை. இப்படி ஒரு மனுஷனைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று தாளாளர் சொன்னதாகச் சொல்கிறார்கள். பிள்ளைகளோ வேறு மாதிரிச் சொன்னார்கள். அந்த நான்கு பக்கக் கதையை அலுவலகப் பியூன் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார். அது கைமாறிக் கைமாறி ஒவ்வோர் ஆண்டும் புது வகுப்புக்குப் போனது, நகலின் நகலில் கடைசிப் பக்கம் மங்கி அழிந்தும் போனது. அதைப் படித்தவர்களெல்லாம், எழுதியவளுக்காகக் கை தூக்கி, தூக்கிய கையை இன்றுவரை இறக்காத ஒரே ஆசிரியர் என்று அவரைச் சுட்டிக் காட்டினார்கள். மேலே இருந்தவர்களுக்கு அந்தக் கை சம்மதம், கீழே இருந்தவர்களுக்கு எதிர்ப்பு. இரண்டு பக்க மரியாதையையும் அவர் வாங்கிக்கொண்டார். சில நாட்கள், வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது, அது அவருக்குப் பிடித்துமிருந்தது.

கல்லூரி விதிகளில் ஒரு பிரிவு இருந்தது. ஓராண்டுக்குள் ஓர் ஆசிரியர் எழுத்தில் சாட்சி கொடுத்தால் நீக்கிய மாணவரைத் திரும்பச் சேர்க்கலாம். பொறுப்பில் இருக்கும்போது அந்த விதியைப் படியெடுத்தவரே அவர்தான். ஓட்டுநர் ஒவ்வொரு காலையும் அவர் நிறுத்தத்தில் வண்டியை மெதுவாக நிறுத்தி, கை இடிக்காமல் ஏறும் வரை காத்திருந்து, "பார்த்து வாங்க சார்" என்பார். ஒரே ஒரு நாள், "பாப்பா விஷயமா நீங்க ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தா..." என்று இழுத்தார். "பார்க்கலாம்" என்றார் இவர். அதற்கு மேல் ஓட்டுநர் கேட்கவில்லை. இவ்வளவு செய்தவரைத் தொந்தரவு செய்வது முறையல்ல என்று நினைத்தார். ஓராண்டு முடிந்தது. அன்றைக்குத் துறைத் தலைவர் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டார்.

ஓய்வு பெற ஓராண்டு இருக்கும்போது, ஓய்வூதியக் காகிதங்களோடு மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். பக்கத்து ஊர் மருத்துவமனைக்குப் போய் எலும்புப் பிரிவில் சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எண்களைக் கூப்பிட, கூப்பிடப்பட்டவர்கள் கை தூக்கிவிட்டு எழுந்து போனார்கள். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "முப்பத்தேழா? கையை இறக்குங்க, பார்த்துட்டேன்" என்றாள். அடுத்த நொடி எழுந்து நின்றுவிட்டாள். ஓட்டுநர் மகளுக்கு இப்போது முப்பத்தோரு வயது, காதோரம் ஒன்றிரண்டு நரை.

அவரைச் சன்னலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, உடன் வேலை செய்பவளிடம், "நான் சொல்லியிருக்கேன்ல, அந்த சார்" என்று அறிமுகம் செய்தாள். மூன்று ஆண்டு படித்தும் பட்டம் இல்லாததால் பத்து இடத்தில் திருப்பி அனுப்பினார்கள், கடைசியில் இந்த வேலை கிடைத்தது, அப்பா ஓய்வு பெற்றுத் தன்னோடுதான் இருக்கிறார் என்றாள். "உங்க கை இப்படி ஆனது என்னாலதான்னு எனக்கு உறுத்தலாவே இருக்கும் சார். வேண்டாத கதையை எழுதி உங்களையும் மாட்டிவிட்டுட்டேன்." அவள் கண் கலங்கியது. அவர் வாழ்க்கையில் கேட்ட மன்னிப்புகளிலேயே தாங்க முடியாதது அதுதான். அவளிடம் மிச்சம் இருந்த ஒரே நல்ல நினைவு தன்னைப் பற்றியது என்பதும், வாயைத் திறந்தால் அதையும் பிடுங்கிக்கொள்வோம் என்பதும் அவருக்குப் புரிந்தது. பேசாமல் இருந்துவிட அது நல்ல காரணமாகத் தெரிந்தது. பதினோரு ஆண்டுகளாக அவருக்கு நல்ல காரணங்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

"நான் படிச்சேன்மா" என்றார். "வீட்டுல வச்சு ரெண்டு தடவை படிச்சேன். பென்சில்ல பதினெட்டு போட்டேன். அப்புறம் அழிச்சிட்டு, நானே கொண்டு போய் முதல்வர்கிட்ட கொடுத்தேன். அன்னைக்கு உள்ள நான் கை தூக்கல. யாருமே தூக்கல."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து முப்பத்தெட்டைக் கூப்பிட்டாள், முப்பத்தொன்பதைக் கூப்பிட்டாள். நாற்பதாம் எண்காரர் ஊன்றுகோலோடு எழுந்து நடந்து கதவைக் கடக்கும் வரை காத்திருந்தாள். கண் காய்ந்திருந்தது.

"பதினெட்டா?"

"ஆமா."

"ரெண்டு எதுக்குக் குறைச்சீங்க?"

ஆசிரியர் வேலையில் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய நாக்கு, அவர் யோசிப்பதற்குள் சொல்லிவிட்டது. "கடைசிப் பக்கத்துல, அடுத்த தடவை கார் வரும்போது அந்த வாத்தியார் எழுந்து போகாம, வாக்கியத்தை முழுசா சொல்லி முடிக்கிற மாதிரி எழுதியிருந்தே. அது நம்புற மாதிரி இல்ல."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள், பழைய விடைத்தாளை இப்போதுதான் திரும்ப வாங்கிப் பார்க்கிறவள் போல. "சரியாத்தான் குறைச்சிருக்கீங்க சார்" என்றாள். குரலில் கோபம் இல்லை. சார் என்பதைக்கூட விடவில்லை.

கை இறங்கவில்லை. இறங்கும் என்று அவரும் நினைக்கவில்லை. அவள் அவர் சீட்டில் முத்திரை குத்தி, எந்த அறை என்று எழுதி, சன்னல் வழியாக நீட்டினாள். வந்த எல்லாருக்கும் சொல்வது போலவே சொன்னாள்: "அஞ்சாவது ரூம். வாசல் உயரம் கம்மி, கை இடிக்கும். குனிஞ்சு போங்க." அவர் குனிந்து போனார். அவள் நாற்பத்தொன்றைக் கூப்பிட்டாள்.