காளியம்மன் முகம்

ஒச்சப்பனுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? ராசிங்காபுரமே அவன் வரைந்த காளியம்மன் படுதாவின் முன்னால் நின்று, "ஆத்தா மூஞ்சியைப் பாருங்கடி, பேசுற மாதிரியே இருக்கு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. சிங்கத்தைப் பற்றியோ சேலை மடிப்பைப் பற்றியோ ஒரு பயல் வாய் திறக்கவில்லை. அவன் வரைந்தது சிங்கமும் சேலையும்தான். முகம் பால்சாமி வரைந்தது.

இருவரும் போடியில் ஒரே டிராயிங் வாத்தியாரிடம் படித்தவர்கள். ஒச்சப்பன் தோட்டந்துரவு உள்ள வீட்டுப் பிள்ளை. பால்சாமி காலனிக்காரன், குரங்கணி மலையில் ஏலக்காய் பறிக்கிறவன். எழுபத்தெட்டாம் வருடத் திருவிழாவுக்கு அம்மனை வரையும் பொறுப்பு ஒச்சப்பனுக்கு வந்தது. அழித்து அழித்து வரைந்தும் முகம் மட்டும் பிடிபடவில்லை. யாருக்கும் தெரியாமல் பால்சாமியை மோட்டார் ரூமுக்குக் கூப்பிட்டான்.

"வரைஞ்சு தர்றேண்ணே. ஓரத்துல எம் பேரையும் போடுங்க."

"போடுறேன்டா, வெரசா முடி."

போட்டானா? தன் பேரை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டான். புகழெல்லாம் அவன் பேருக்கே வந்து சேர்ந்தது. வந்த புகழைப் பார்த்து அவனுக்கே பொறாமை! கோயில் பெரியவரான அவன் பெரியப்பா மொக்கையன் படுதாவைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுததும் அவனால் பொறுக்க முடியவில்லை.

"அந்த மூஞ்சியை நான் வரையலை! காலனிப் பால்சாமி வரைஞ்சது!"

படுதாவைக் கிழித்து எறிவார்கள், அந்த முகம் ஒழிந்து தொலையும் என்றுதான் கத்தினான். பூசாரி கையைப் பிசைந்தார்.

"கண்ணு தொறந்து சூடம் காட்டியாச்சே. இனிமே எறக்குனா ஊருக்கு ஆகாதுங்க."

மொக்கையன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டேய், நீதான் வரைஞ்ச. இன்னொருக்க அவன் பேரை எடுத்தே, நாக்கை அறுத்துப்புடுவேன். வருசா வருசம் நீதான் வரையணும், ஆமா!" என்று சொல்லி, அவன் தலையில் பரிவட்டத்தையும் கட்டிவிட்டார்.

ஒச்சப்பன் திரும்பிப் பார்த்தான். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் காலனி ஆட்களோடு பால்சாமி நின்றிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் ஒச்சப்பனையோ பரிவட்டத்தையோ அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. படுதாவிலிருந்த அம்மன் முகத்தையே பார்த்துக்கொண்டு, இன்னும் எங்கேயோ சரிசெய்ய வேண்டியதுபோல் விரலால் காற்றில் கோடு இழுத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வருடமும் இவனிடம்தான் போய் நிற்கவேண்டும் என்று நினைத்ததும் ஒச்சப்பனுக்கு அழுகை வந்தது.