மோசமான நாளைச் சொல்லுங்கள்

“தூக்கற எந்திரம் எதுக்கும்மா? அதை மாட்டி முடிக்கறதுக்குள்ள பொழுதே போயிடும்,” என்று சொல்லிக்கொண்டே மெர்வ் மகள் லியோனியின் முழங்கால்களுக்கு அடியில் ஒரு கையையும் முதுகுக்குப் பின்னால் இன்னொரு கையையும் கொடுத்தார்.

மதிப்பீட்டுக்கு வந்திருந்த டாம்சின் மறுபடியும் வேண்டாம் என்றாள். சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவதை வாயால் சொன்னாலே போதும், தூக்கிக் காட்ட வேண்டியதில்லை என்றாள். மெர்வ் கேட்டால்தானே. இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உடம்பு. எழுபது தாண்டியும் தோள் மட்டும் இறங்கவில்லை. ஒரு மூச்சை இழுத்துப் பிடித்து லியோனியைத் தூக்கினார். அவள் முகம் அவர் கழுத்தோடு ஒட்டியது. விருந்தாளி வருகிறாள் என்று காலையில் சவரம் செய்திருந்தார். சோப்பு வாசனை அடித்தது.

காலைப் பேச்சுக்குப் பிறகு அவர் மகளிடம் பேசாமல் இருந்தார். கோபம் என்று சொல்ல முடியாது. பேச ஒன்றும் அகப்படாத மாதிரி இருந்தார்.

டாம்சின் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஒருவருக்கு அன்றாடம் என்ன உதவி வேண்டும் என்று மதிப்பிடுகிறவள். உடம்பு முடியாதவர்களுக்கென்றே கட்டிய வீடுகள் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கின்றன. கூரையிலேயே தூக்கும் எந்திரம் பொருத்தியது, குரல் கொடுத்தால் கதவு திறப்பது, ராத்திரி முழுக்கப் பக்கத்து அறையில் ஆள் இருப்பது. அப்படி ஒரு வீடு லியோனிக்குத் தேவையா என்று பார்த்து எழுதத்தான் அவள் விடியற்காலையில் கிளம்பி மெர்வின் ஊரான வயாலாவுக்கு வந்திருந்தாள். விண்ணப்பம் போட்டது லியோனி. அப்பாவிடம் சொன்னது அதற்கப்புறம். மெர்வ் ‘சரி’ என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்ப் புல் வெட்டினார். முந்தின நாள்தான் வெட்டியிருந்த புல்.

காலையில் சமையலறை மேசையில் உட்கார்ந்து டாம்சின் கேள்விகளை ஆரம்பித்தபோது மெர்வ் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார். குளிப்பாட்டுவது? நான் பார்த்துக்கொள்கிறேன். சாப்பாடு? நான் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரியில்? ராத்திரியில் என்ன, இரண்டு தடவை எழுந்து புரட்டிப் படுக்க வைப்பேன், அவள் பாட்டுக்குத் தூங்குவாள். அவர் வாய் திறக்கத் திறக்க அடிலெய்டு வீடு தூரமாகிக்கொண்டே போனது. டாம்சின் பேனாவைக் கீழே வைத்துவிட்டு லியோனியைப் பார்த்துச் சொன்னாள்.

“நல்ல நாளைச் சொல்லாதீங்க. மோசமான நாளைச் சொல்லுங்க. நான் எழுதறதை வச்சுத்தான் வீடு ஒதுக்கறவங்க முடிவு பண்ணுவாங்க.”

அப்போதுதான் லியோனி சொன்னாள். ராத்திரியில் அவள் தூங்குவதில்லை. புரட்டிப் போட வேண்டிய நேரம் வந்தாலும் கூப்பிடுவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் மூச்சு இழுத்து இழுத்து வருவது கேட்கும். பாவம், தூங்கட்டும் என்று கண்ணை மூடிக்கொள்வாள். அவர் வந்து எட்டிப் பார்த்தால் தூங்குவது போல் கிடப்பாள். போன குளிர்காலத்தில் இடுப்பில் படுக்கைப் புண் வந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் குப்புறக் கிடந்ததும் அதனால்தான்.

தன் கவனக்குறைவால் வந்த புண் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தவர் மெர்வ். டீக்கோப்பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, “கூப்பிட்டிருக்கலாமே, லீ,” என்றார்.

அவ்வளவுதான். டாம்சின் எழுதினாள். பேனா சத்தம் கேட்டது.

இப்போது அவர் லியோனியைக் கட்டிலில் கிடத்தி, தலையணையைச் சரிசெய்து, நிமிர்ந்து நின்றார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. “பாத்தியாம்மா? பஞ்சு மூட்டை மாதிரிதான்,” என்று டாம்சினிடம் சிரித்தார். டாம்சின் குளியலறைக் கதவை அளக்கிறேன் என்று டேப்பை எடுத்துக்கொண்டு போனாள்.

மெர்வ் கட்டிலின் கால்மாட்டில், மகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவளுடைய ஷூவைக் கழற்றக் குனிந்தார்.

லியோனி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பத்தொன்பது வயதில் படகுத்துறையிலிருந்து குதித்து, கடலடி மணலில் தலை மோதியதிலிருந்து நெஞ்சுக்குக் கீழே அவளுக்கு எதுவும் தெரியாது. கைகளைத் தூக்க முடியும், விரல்கள் மடங்காது. ஷூவைக் கழற்ற இவ்வளவு நேரமா என்று தோன்றியது. வருத்தத்தில் இருக்கிறார், பேச்சை ஆரம்பிக்கத் தெரியாமல் நாடாவை நோண்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாள். நாமே ஆரம்பிப்போம் என்று, “எனக்கு மட்டும் போகணும்னு ஆசையா என்னப்பா?” என்றாள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.

“உங்க கஷ்டத்தைப் பாத்துட்டுத்தான் போட்டேன். கொஞ்சம் எனக்காகவும்தான். பொய் சொல்ல மாட்டேன்.”

அதற்கும் பதில் இல்லை. தலையை முடிந்தமட்டும் தூக்கிப் பார்த்தாள். அப்பாவின் முதுகு தெரிந்தது. அவர் அவளுடைய கால்களின் மேல் கவிழ்ந்து கிடந்தார். முழு ஆளும். அத்தனை பாரமும் அவள் மேல்தான் இருந்தது; அவளுக்குத் தெரியவில்லை. இஸ்திரி போட்ட சட்டை பின்பக்கம் வெளியே வந்திருந்தது. இடது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது.

“டாம்சின்,” என்று கூப்பிட்டாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. டீ வேண்டுமா என்று கேட்கக் கூப்பிடுகிற மாதிரி.

அதற்குப் பின் நடந்தது முழுவதையும் அவள் கூரையைப் பார்த்தபடியே கேட்டாள். டாம்சின் அவரைத் தரைக்கு இழுத்த சத்தம். போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு நெஞ்சை அமுக்கிக்கொண்டே அவள் எண்ணிய சத்தம். பக்கத்து வீட்டு கோரலி செருப்பு தட்டத் தட்ட ஓடி வந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர் வந்து நெஞ்சில் ஒட்டிய மின் அதிர்ச்சிக் கருவி, விலகி நில்லுங்கள் என்று நிதானமாகச் சொன்ன இயந்திரக் குரல். கட்டிலை ஒட்டிய தரையில், ஒரு கை தூரத்தில் எல்லாம் நடந்தது. புரண்டு எட்டிப் பார்க்க அவளால் முடியாது. பார்க்காமல் எழுந்து போகவும் முடியாது. கூரையில் மின்விசிறி இறக்கை ஒன்றில் தூசி படிந்திருந்தது. அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துவிட்டுத்தான் திடுக்கிட்டாள்.

சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன. மூத்த ஆம்புலன்ஸ்காரர் அவள் முகத்துக்கு நேரே குனிந்து தன் பெயரைச் சொன்னார். பிறகு விஷயத்தைச் சொன்னார். அவர் நெற்றி வியர்த்திருந்தது.

“சரி. என்னைத் தூக்கி நாற்காலியில உக்கார வைக்கிறீங்களா?” என்றாள் லியோனி.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் மெர்வ் கிடந்தார். எந்திரத்தைக் கொண்டுவர அங்கே இடம் இல்லை. ஒருவர் தோளையும் ஒருவர் கால்களையும் பிடித்து, போர்வை போர்த்தியிருந்த அவரைத் தாண்டித்தான் அவளைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. தாண்டும்போது அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அவளுடைய ஒரு காலில் ஷூ இருந்தது, ஒரு காலில் இல்லை.

மெர்வுக்கு இதய மாத்திரை எழுதிக் கொடுத்துவந்த டாக்டரே இறப்புச் சான்றிதழ் தருவதாகப் போனில் சொன்னார். கோரலி டீ போட்டாள், யாரும் குடிக்கவில்லை. டாம்சின் வாசலில் நின்று யார் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தாள். இன்றைக்கு ராத்திரி லியோனியைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் கேட்டு வாங்கினாள். உள்ளே வந்து லியோனிக்கு முன்னால் மண்டியிட்டாள்.

“எல்லாத்தையும் வீடு ஒதுக்கறவங்ககிட்ட சொல்லிட்டேன். இப்ப வீட்டுல பாத்துக்க யாரும் இல்லைங்கறதால அவசரக் கேஸா எடுத்துப்பாங்க. வீடு சீக்கிரமே கெடச்சுடும்.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எவ்வளவு சீக்கிரம்?” என்று கேட்டாள் லியோனி.

அடுப்படியில் கோரலி கோப்பை கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. லியோனிக்குத் தன் முகம் குப்பென்று சூடாவது தெரிந்தது. டாம்சின் அவள் கையைப் பிடித்தாள். சில வாரங்களில் இருக்கலாம் என்றாள். இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் அடக்கம் செய்யும் நிறுவனத்திலிருந்து கறுப்பு வேன் வந்தது. கோட்டுப் போட்ட இரண்டு பேர் இறங்கினார்கள். வேனைப் பின்பக்கமாக வாசல்வரை கொண்டுவர வேண்டும், வழியில் நிற்கிற வண்டியைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று தணிந்த குரலில் கேட்டார்கள். நின்றது மெர்வின் பிக்கப் வண்டி. சாவி எங்கே என்று கோரலி லியோனியைப் பார்த்தாள். அவருடைய கால்சட்டைப் பையில்தான் இருக்கும். கோரலியால் அது முடியவில்லை. கோட்டுக்காரர்களில் ஒருவர் உள்ளே போய், சாவியைக் கைக்குட்டையில் பொதிந்து எடுத்து வந்தார்.

லியோனி நாற்காலியை முன்வாசலுக்கு ஓட்டி வந்து நின்றாள். கோரலி வண்டியில் ஏறிச் சாவியைத் திருகியதும் ரேடியோ அலறியது. எங்கோ ஓர் ஊரில் குதிரைப் பந்தயம்; மெர்வ் தினமும் கேட்கும் அலைவரிசை. வர்ணனையாளர் மூச்சு விடாமல் குதிரைகளின் பெயர்களைக் கொட்டிக்கொண்டிருந்தார். கோரலி பதறிப்போய் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினாள். முன்விளக்கு எரிந்தது, கண்ணாடி துடைப்பான் ஆடியது, ரேடியோ நிற்கவில்லை. தெருவில் இரண்டு வீட்டுக் கதவுகள் திறந்தன.

“இருக்கட்டும், கோரலி,” என்றாள் லியோனி. “முடியட்டும்.”

கோரலி கையை எடுத்துவிட்டாள். குதிரைகள் கடைசித் திருப்பத்துக்கு வந்துகொண்டிருந்தன. கோட்டுக்காரர்கள் இருவரும் கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, பந்தயம் முடியட்டும் என்று வேனுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.