காமாலை என்று சொல்லிவிட்டு

மஞ்சள் காமாலை என்று சொன்னது கணவன்தான். ஆனால் அவன் அதைப் போனில் சொன்னபோது அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். வேண்டாம் என்று கையைக்கூட ஆட்டவில்லை.

கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. அவன் சின்னதாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். அவளுக்குக் கூரியர் அலுவலகத்தில் பார்சல்களை எடை போட்டு ரசீது கொடுக்கும் வேலை. இருவருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கும்போதெல்லாம், யாராவது ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஏதாவது ஒன்று முளைத்து அதை விழுங்கிவிடும். இந்தத் தடவைதான் முதன்முதலாகக் கடற்கரையில் ஓர் அறை, அங்கிருந்து படகில் போய்த் தீவில் கொஞ்ச நாள் என்று எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. அந்த நேரம் பார்த்து அவனுடைய அக்கா கூப்பிட்டாள். அக்கா புருஷனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். தேதி குறித்தாகிவிட்டது.

"நாலு நாள் வந்து இருடா. அவரைத் தூக்கிப் பிடிக்க என்னால தனியா முடியாது."

அக்காவிடம் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவன் அவன். ஊர் சுற்றப் போகிறோம் என்று சொல்ல வாய் வரவில்லை. "இவளுக்கு மஞ்சள் காமாலைக்கா. எழுந்திருக்க முடியாம படுத்திருக்கா" என்று சொல்லிவிட்டான்.

போனை வைத்ததும் அவள் கேட்டாள்: "என்னை எதுக்குப் படுக்க வெச்சீங்க? உங்களுக்குன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"எனக்குன்னா அடுத்த பஸ்ஸுலயே வந்து இறங்கியிருப்பா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைத்தான் பிற்பாடு நினைத்து நினைத்துக் கூசினாள்.

கடற்கரை விடுதியில் முதல் நாள் அக்கா கூப்பிட்டபோது அவன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். "அங்கே என்னடா ஒரே இரைச்சல்?" என்றாளாம். "ஃபேன்கா" என்றானாம். வெளியே வந்து இதைச் சொன்னபோது இருவருமே சிரிக்கவில்லை. அவள் துண்டை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனாள்.

தீவில் போனுக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. அது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அவளுக்குக் கிட்டப்பார்வை, கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பவர் முகம்கூடப் புகைமூட்டம்தான். நீரில் மூழ்கிப் பார்க்கும் முகமூடியில் அவளுடைய பவருக்கு லென்ஸ் வெட்டிப் பொருத்தி, அவளிடம் சொல்லாமலே கொண்டுவந்திருந்தான் கணவன். அதை மாட்டிக்கொண்டு தலையை நீருக்குள் விட்டபோது, மஞ்சளும் கறுப்புமாக ஒரு மீன் கூட்டம் அவள் மூக்குக்கு முன்னால் திரும்பிற்று. ஒவ்வொரு செதிலும் தெரிந்தது. நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடந்தாள். முதுகும் தோளும் வெயிலில் வெந்து போயின. வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று அவனிடம் சொல்லவும் செய்தாள்.

கரைக்குத் திரும்பிப் படகுத்துறையில் கால் வைத்ததும் அவன் சட்டைப்பையில் போன் அதிர ஆரம்பித்தது. நிற்கவேயில்லை. எல்லாம் அக்கா அனுப்பியிருந்த குரல் செய்திகள். ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார்கள்.

"எப்படி இருக்காடா? கஞ்சி ஏதாவது உள்ளே போச்சா?"

"ஏன் போன் எடுக்க மாட்டேங்கறே? மாமா வீட்டுக்கு வந்துட்டார். எங்களைப் பத்திக் கவலைப்படாதே. நீ அவளைப் பாரு."

அடுத்ததில் வண்டிச் சத்தம். "உன் வீட்டு வாசல்ல நிக்கறோம். பூட்டிக் கெடக்கு. எதிர்வீட்டுக்காரர் நீங்க ரெண்டு பேரும் விடியறதுக்குள்ள பையோட கார்ல ஏறினதாச் சொல்றார். எந்த ஆஸ்பத்திரிடா?"

அதற்கு அடுத்தது: "பெரிய ஆஸ்பத்திரில அப்படி யாரும் இல்லைங்கறாங்க. இன்னொண்ணுக்குப் போறோம்."

கடைசிச் செய்தியில் அக்காவின் குரலே மாறியிருந்தது. "மாமாவுக்குத் தையல் பிரிஞ்சுடுச்சுடா. வராதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கல. உன்னைத் தனியா அனுப்ப மாட்டேன்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டே கார்ல உக்காந்திருந்தார். மறுபடி தையல் போட்டிருக்காங்க. நீங்க எங்க இருந்தாலும் சரி, உசுரோட இருக்கோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்கடா."

படகிலிருந்து இறங்கிய மற்றவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் அக்காவைக் கூப்பிட்டு, "நல்லா இருக்காக்கா... நேர்ல வந்து சொல்றேன்" என்றான். மறுமுனையில் அழுகை மட்டும்தான் கேட்டது.

வீட்டுக்குப் போகாமல் நேராக அக்கா ஊருக்கு பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் அவன் ஒரு கதையைத் தைத்துக்கொண்டு வந்தான். "வேற ஊர் ஆஸ்பத்திரின்னு சொல்லிடலாம். போனை உள்ளே விடலைன்னு சொல்லலாம். நீ கொஞ்சம் சோர்வா மட்டும் இரு."

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செருப்பிலிருந்து இன்னும் மணல் உதிர்ந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்த அக்கா தம்பியைப் பார்க்கவேயில்லை. அவளைத்தான் இழுத்து அணைத்துக்கொண்டாள். வெந்த தோளில் அக்காவின் கை பட்டதும் அவள் துடித்துப் போனாள். அக்கா அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. பிறகு முகத்தைப் பார்த்தாள். மூக்குத் தோல் உரிந்திருந்தது. முகமெல்லாம் கறுத்து, கண்ணைச் சுற்றி மட்டும் முகமூடி இருந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது.

"அது வந்துக்கா, ஆஸ்பத்திரியில..." என்று அவன் ஆரம்பித்தான்.

"எனக்கு ஒண்ணும் வரலைக்கா" என்றாள் அவள். "கடலுக்குப் போயிருந்தோம்."

அக்கா மூக்குக்கண்ணாடியை மடித்து அவள் கையில் வைத்தாள். நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லியிருந்தா போக விட்டிருக்க மாட்டீங்கன்னு..." அவன் இழுத்தான்.

"விட்டிருக்க மாட்டேன். நல்லா திட்டியிருப்பேன். மாமா முடியாம கெடக்கறப்போ உங்களுக்குக் கடல் கேக்குதான்னு கேட்டிருப்பேன்" என்றாள் அக்கா. "ஆனா ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசல்லயும் நின்னு இவ பேரைச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டேன். கடைசி ஆஸ்பத்திரியில பிணவறையில விசாரிங்கன்னுட்டான்டா ஒருத்தன்."

அக்கா உள் அறைப் பக்கம் பார்த்தாள்.

"அவர்கிட்ட எதையும் சொல்லாதீங்க. தூங்கி எழுந்திருக்கறப்பல்லாம் இவளைத்தான் கேக்கறார்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் உள்ளே எட்டிப் பார்த்ததும் மாமா கட்டிலில் சிரமப்பட்டு நகர்ந்து, ஓரமாக இடம் விட்டார். "நீ ஏம்மா நின்னுக்கிட்டு? முடியாத உடம்பு. இப்படிப் படு."

அந்த இடத்தைப் பார்த்ததும் அவளால் தாங்க முடியவில்லை. "அண்ணா, எனக்குக் காமாலையே இல்லை" என்றாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். தன் கணவன் சொன்னதாக அல்ல, இருவரும் சேர்ந்து சொன்னதாகவே சொன்னாள்.

"ஒண்ணும் இல்லையா? அப்பாடா" என்றார் அவர் முதலில். நிஜமாகவே முகம் தெளிந்தது. அப்புறம்தான் விஷயம் மெல்ல இறங்கியது போலிருக்கிறது. கை தானாகப் போய் வயிற்றுக் கட்டின் மேல் நின்றது. கண்ணை மூடிக்கொண்டார்.

"கதவைச் சாத்திட்டுப் போம்மா."

கத்தியிருந்தால் நின்று கேட்டிருப்பாள். அந்த 'ம்மா'வோடு வெளியே வருவதுதான் கஷ்டமாக இருந்தது.

அவன் கடையைப் பூட்டியபடியே விட்டுவிட்டு அங்கேயே தங்கினான். மாமாவைத் தூக்கி உட்கார வைத்தான், குளியலறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனான். அவர் மறுக்கவில்லை, ஆனால் அவனோடு ஒரு வார்த்தை பேசவுமில்லை. "நீ போம்மா, உன் லீவு முடிஞ்சுருக்கும்" என்று அவளை மட்டும் அனுப்பிவைத்தாள் அக்கா. வாசல் வரைதான் வந்தாள். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று எப்போதும் சொல்வாள், அன்றைக்குச் சொல்லவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் பார்சல் கட்டுபவள் அவளைப் பார்த்ததும் கையைத் தட்டினாள். "அடேயப்பா, என்ன கலர் இது! மேடம் கடலையே குடிச்சுட்டு வந்திருக்காங்க போல. போட்டோவைக் காட்டுங்க."

மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். போனைத் திறந்து நீட்டினாள். பார்சல் கட்டுபவள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து, ஒன்றில் நின்றாள். படகின் விளிம்பில் உட்கார்ந்து, முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள் அவள்.

"இது சூப்பர். ஃபிரேம் போட்டு வீட்டுல மாட்டுங்க."

அவள் அந்தப் படத்தையே பார்த்தாள். தீவில் இரண்டாம் நாள் எடுத்தது. அந்தச் சிரிப்பு சிரித்த நேரம், ஏதோ ஒரு வாசலில் கார் நின்றிருக்கும். மாமா வயிற்றைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருக்க, அக்கா இறங்கிப் போய் அவள் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்திருப்பாள்.

"என்ன மேடம், திரும்பப் போயிடலாம்னு தோணுதா?"

"இல்ல" என்றாள். போனை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டாள். வரிசையில் முதலாவதாக நின்றவரைப் பார்த்து, பெட்டியைத் தராசில் வைக்கச் சொன்னாள்.