பிரேக் மிதிக்கும் கால்

சித்தி பஸ் டிரைவர். இத்தனை வருஷம் அவளுக்குச் சோறு போட்டது பிரேக் மிதிக்கும் வலது கால். அந்தக் காலின் முட்டி தேய்ந்துபோய், மிதிக்கும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. ஆபரேஷன் செய்து வைக்கும் மாற்று மூட்டு நன்றாக அமைந்தால் திரும்ப வண்டியில் ஏறலாம், அமையாவிட்டால் டிப்போ ஆபீசில் ஃபேன் காற்று வாங்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். சித்தி கலங்கவில்லை. அக்கா மகளே எலும்பு டாக்டர். தாயில்லாப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தது பின்னே எதற்கு?

"கையில வெண்ணெயை வெச்சிக்கிட்டு நெய்க்கு அலையணுமா? நீயே பண்ணிடு."

அக்கா மகள் மாட்டேன் என்றாள். "நான் உடைஞ்ச எலும்பைச் சேர்க்கிறவ, சித்தி. முட்டி மாத்துறது எப்பவோ ஒண்ணுதான். வாரம் பூரா அதையே செய்றவர் கையில குடுத்தா, வர்ற பிரச்சினை பாதி வராமலே போயிடும்."

"தெரிஞ்ச கை இருக்கும்போது தெரியாத கை எதுக்கு?"

"எப்பவோ ஒரு தடவை வண்டி எடுக்கிறவன், சொந்தக்காரன்கிறதுக்காக அவன் பஸ்ல ஏறுவியா? அதுவும் மலைப்பாதையில?"

சித்திக்கு மனசு அடங்கவில்லை. வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொல்லித் தீர்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வருவதற்கு ஒரு நிபந்தனையும் போட்டாள்: கத்தி வைக்காவிட்டால் போகிறது, தலைமாட்டிலாவது நீ உட்கார வேண்டும்.

முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாமல் போயிற்று. கையில் ஏற்றிய மருந்து அரைத்தூக்கத்தைக் கொண்டுவந்தது. எதிரே தொங்கிய பச்சைத் துணி மெல்ல அசைந்து, மழை பெய்யும் சாலையாக மாறியது. சித்தி ஓட்டிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் ஆளில்லை, இருக்கைகளில் வெளிச்சம் மட்டும் உட்கார்ந்து வந்தது. காலைத் தேடினாள், கிடைக்கவில்லை. பிரேக் இல்லாத வண்டி தண்ணீரில் போவதுபோல் சத்தமின்றிப் போனது. எங்கோ சுத்தியல் தட்டும் ஓசை கேட்டது. யாரோ டயர் மாற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

சாலைக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. ஆஸ்பத்திரியே முட்டிக்காரர் என்று கூப்பிடும் பெரிய டாக்டரின் குரல்.

"அளவெல்லாம் சரியா இருக்கு டாக்டர். உங்க சித்திதானே? கை கழுவிட்டு வாங்க, மூட்டை நீங்களே பொருத்துங்க."

கூட வேலை பார்க்கும் டாக்டரின் உறவு மேஜையில் படுத்தால் அப்படி ஒரு மரியாதை செய்வது அவர் வழக்கம். நல்ல மனுஷர்தான், ஆனால் யாருடைய முட்டியை வைத்து மரியாதை என்பதை யோசிக்கவில்லை.

தலைமாட்டில் உட்கார்ந்து சித்தியின் கையைப் பிடித்திருந்த அக்கா மகளின் விரல்கள் ஒரு கணம் துள்ளின. சித்திக்கு அந்தத் துள்ளல் தெரியும். ஸ்டியரிங்கைத் தரமாட்டார்களா என்று ஏங்கும் எத்தனையோ புது டிரைவர்களைப் பார்த்தவள்.

"வேண்டாம் சார். நீங்களே போடுங்க."

சித்திக்கு அழுகை வந்தது. இந்தப் பெண்ணைப் போய் ஊரெல்லாம் ஏசினோமே.

"ஆசையாத்தானே இருக்கு உனக்கு?" நாக்கு தடித்திருந்தது.

"இருக்கு சித்தி. உன் கால்ல கத்துக்க மாட்டேன்."

"பின்னே? ஊரான் கால்லயா?"

அக்கா மகள் குனிந்து காதருகில் சொன்னாள். "அதுவும் யாரோ ஒருத்தியோட சித்தி காலுதான்."

பச்சைச் சாலையில் மழை வலுத்தது. சித்தி ஓட்டிக்கொண்டே யோசித்தாள். கண்ணால் பார்க்காமல் கைக்கு எதுவும் வராது. முட்டிக்காரரின் கை வேலை செய்வதோ துணிக்கு அந்தப் பக்கம். இவள் உட்கார்ந்திருப்பதோ இந்தப் பக்கம், தன் பயத்துக்குக் காவலாக. அந்த மிதக்கும் வண்டியில் சித்திக்குத் தரை என்று இருந்தது இந்த ஒரு கைதான். விட்டால் எங்கே போய் விழுவோம் என்று தெரியவில்லை.

"எழுந்திரு," என்றாள். "அந்தப் பக்கம் போய் நில்லு. அவரு கை எப்படிப் போகுதுன்னு பாரு."

"நீ பயப்படுவியே சித்தி."

"பயமாத்தான் இருக்கு. போ."

இறுக்கிப் பிடித்திருந்த தன் விரல்களைச் சித்தி ஒவ்வொன்றாக விட்டாள்.