ஸ்பினர் நிற்காத வெளி

எங்கள் அக்காவிடம் ஒரு நிரூபணத்தைக் காட்டிவிட்டு முழு ஆளாகத் திரும்பியவர் பூமியில் கிடையாது. கல்லூரியில் ஒரு யுகம் கணிதம் நடத்தி ஓய்வுபெற்ற நானே அரை ஆளாகத்தான் வந்திருக்கிறேன். அவளுடைய ஆராய்ச்சி முழுக்க ஸ்பினர்கள். வளைந்த வெளியில் புள்ளிக்குப் புள்ளி உட்கார்ந்திருக்கும் விசித்திரப் பிறவிகள். ஒரு சுற்று சுற்றினால் கழித்தல் குறியோடு வரும். இரண்டாவது சுற்றில்தான் பழையபடி ஆகும். அதை வைத்தே எங்களுக்குள் ஒரு சைகை. கருத்தரங்கில் நான் பேசும்போது முன்வரிசையிலிருந்து விரலால் இரண்டு வட்டம் போட்டால் சரி. ஒன்றோடு நிறுத்தினால் எங்கோ குறி தப்பு. என் தலை வழுக்கையானதே அந்த ஒற்றை வட்டத்தால்தான்.

இப்போது அவள் நுரையீரல் வார்டில் கிடந்தாள். டாக்டர் கையை விரித்தாயிற்று. அவளுக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. கடைசித் தேற்றம் சரியா என்பதே கவலை.

"படிச்சியாடா?"

"படிச்சேன்க்கா."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? சாகப்போறது நானா, நீயா?"

கலப்பெண் வெளிகளில், இரட்டைப்படைப் பரிமாணத்தில், ஒரு விசேஷச் சமன்பாட்டுக்கு அடங்கிய ஸ்பினர் புலம் இருந்தால், அந்த வெளி இன்ன வடிவம்தான் என்று நிரூபித்திருந்தாள். தேன் மாதிரி நிரூபணம். ஆனால் அந்த வடிவத்தில் ஸ்பினரே நிற்காது. எப்படிப் பொருத்தினாலும் ஓரிடத்தில் குறி ஒட்டாமல் முறியும். எங்கள் தொழிலுக்கே உரிய தவறு: ஆள் இருக்கிறானா என்று பார்க்காமல் அவனுக்கு அளவெடுத்துச் சட்டை தைப்பது.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் வந்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் வாய் தானாகக் கொட்டிவிட்டது.

அவள் மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டாள்.

"உன் மச்சான் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்," என்றாள். "நான் ஒரு வேலையும் உருப்படியா செய்யலன்னு சொல்லிட்டே போய்ச் சேர்ந்தார்."

"அக்கா..."

"இரு. இருந்தா அந்த வடிவம். அந்த வடிவத்துல அது நிற்காது. அப்போ அது எங்கேயுமே இல்லடா. அதே நிரூபணம்தான், முடிவை மட்டும் மாத்து. இல்லைன்னு எழுது."

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமலில் ரத்தம் வந்தது.

"நான் கேட்டு சரின்னு சொன்னப்புறம்தான் ஜர்னலுக்கு அனுப்பணும். உன் குறி மேல எனக்கு நம்பிக்கை கிடையாது."

மறுநாள் திருத்திக் கொண்டுபோனேன். ஆக்சிஜன் முகமூடி மாட்டியிருந்தார்கள், பேச்சு போய்விட்டது. காதோரம் குனிந்து கடைசிப் பக்கத்தை வரி வரியாகப் படித்தேன். முடித்ததும் என் உள்ளங்கையைப் பிடித்தாள். அவள் விரல் மெதுவாக ஒரு வட்டம் போட்டது. முழு வட்டம். அங்கேயே நின்றது.

நான் கையை எடுக்கவில்லை. நர்ஸ் வந்து என்னை நகர்த்தினாள்.

"கடைசியா உங்க கையில ஏதோ வரைஞ்சு சொன்னாங்களே சார், என்ன?"

"பாதி சொன்னாங்கம்மா," என்றேன்.

இரண்டாவது வட்டத்துக்கு மூச்சு பற்றவில்லையா, இல்லை நிஜமாகவே எங்காவது குறி தப்பா? தாளில் மை தேய்கிற அளவுக்குப் பார்த்துவிட்டேன். தப்பு எதுவும் தட்டுப்படவில்லை. என் கண்ணுக்கு என்றைக்குத்தான் தட்டுப்பட்டது? கட்டுரை மேசையிலேயே கிடக்கிறது.