கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு பாய்

ஓலைத் தட்டியைத் தூக்கிக் கட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். முற்றத்தில், என் மகளின் கல்லறைக்குப் பக்கத்தில், நாலைந்து பேர் தரையில் உட்கார்ந்து தலைக்கு மேல் ஒரே பாயைப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். கல்லறையில் பூசிய சிமெண்டு இன்னும் முழுதாகக் காயவில்லை. விடிவதற்கு முன்பே வந்திருக்க வேண்டும், பாய் பனியில் நனைந்து கிடந்தது.

யார் என்று கேட்கவே வேண்டாம். ரோபாதியின் ஆட்கள். கோயில் திருப்பத்தில் பிக்கப் வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டிவந்து என் தினோவை அடித்துப் போட்டவன் அந்த ரோபாதி. கோயிலில் பிள்ளைகளுக்கென்றே வருஷத்துக்கு ஒருமுறை வரும் 'பிள்ளைகள் ஞாயிற்றில்' ஒப்பிக்க வேண்டிய வசனத்தைப் பழகிவிட்டு வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தாள். எட்டு வயது. அந்த ஞாயிற்றுக்காக நான் தைத்த வெள்ளைக் கவுனைப் போட்டுத்தான், ஊர் வழக்கப்படி அவளை வீட்டு முற்றத்திலேயே புதைத்தோம்.

எங்கள் தீவில் உயிர்ப்பழிக்கு இப்படித்தான் மன்னிப்புக் கேட்பார்கள். வாய் திறக்கக் கூடாது. பாய்க்குள் தலையைக் குனிந்து காத்திருக்க வேண்டும். இழந்த வீட்டார் வந்து பாயை எடுத்துவிட்டால் பகை அத்தோடு தீர்ந்தது. எடுக்காவிட்டால் அவர்கள் தலை, எங்கள் கத்தி. அடுத்தவர் வீட்டு முற்றத்தில் பார்த்தபோது இது எவ்வளவு அழகாக இருந்தது! பாயை எடுத்ததும் நின்று அழுதிருக்கிறேன் நான். தன் வீட்டு முற்றத்துக்கு வரும்போதல்லவா தெரிகிறது.

என் கணவரின் தம்பி பெசாமினோ படியில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் பாய்க்குள் இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டும் என்றே தீட்டினான்.

"அண்ணி, ஒரே ஒரு வார்த்தை சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"கோகோ ஆறுது. வந்து குடி."

"கோகோவாவது கீகோவாவது! அந்தப் பய இந்தப் பாய்க்குள்ள இருப்பான்னா நெனைக்கற? கிழடுங்கள அனுப்பி வச்சுட்டு எங்கயாவது குப்புறப் படுத்துத் தூங்கிட்டிருப்பான்."

அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. இருப்பானா அவன்? பாயைத் தூக்கிப் பார்க்கவும் முடியாது. தொட்டால் மன்னித்ததாகிவிடும்.

என் கணவர் எலெகனா பின்னால் வந்து நின்றார். குடும்பத் தலைவர் என்ற பட்டம் அவருக்குத்தான், பாயை எடுக்க வேண்டியவரும் அவர்தான். தாடி மழிக்காத முகம் பத்து வயது கூடித் தெரிந்தது.

"எழுந்து போகச் சொல்லுங்க," என்றேன்.

"பட்டம் என்னுதா இருக்கலாம். பெத்தவ நீ. நீ சொல்லாம அந்தப் பாயத் தொடவும் மாட்டேன், தொரத்தவும் மாட்டேன்."

"நான் வாயே தெறக்கலன்னா?"

"வெயில் ஏறினதும் போயிடுவாங்க. அதுக்கப்புறம் இவன என்னால பிடிச்சு வைக்க முடியாது." தம்பியைக் கண்ணால் காட்டினார். "அவன் அந்தப் பயல வெட்டுவான். அவங்க இவன வெட்டுவாங்க. இவன் புள்ளைங்க மூஞ்சியப் பாத்து நீதான் பதில் சொல்லணும்."

வெட்டிக்கொண்டு சாகட்டுமே என்றுதான் எனக்குத் தோன்றியது. சத்தியமாக அப்படித்தான் தோன்றியது. என் பிள்ளை மண்ணுக்குள் இருக்கும்போது ஊரில் மற்றப் பிள்ளைகள் அப்பாவோடு இருந்து என்ன ஆகப்போகிறது?

கோயில் மணி அடித்தது. அடுப்பில் சேம்பு வேகிறது என்றோ, வீட்டில் சாவு விழுந்தது என்றோ எங்கள் வீட்டில் காலை ஜெபம் நின்றதில்லை. படியில் கத்தி தீட்டிக்கொண்டே இருந்த பெசாமினோவைத் தவிர எல்லோரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். பாட்டை எடுத்துக் கொடுப்பது தினோவின் வேலை, வீட்டின் கடைசிப் பிள்ளை அவள். அவள் போன பிறகு பாட்டே இல்லை. நேராக ஆண்டவர் கற்றுத் தந்த ஜெபம்தான்.

அடுப்பில் ஏதாவது தீயும் என்று அதை நான் எப்போதும் கடகடவென்று ஓட்டுவேன். "ஏம்மா, இப்படி ஓட்டுனா ஆண்டவருக்கு மூச்சு முட்டாதா?" என்பாள் தினோ. போக்கிரி. அவளைப் புதைத்த நாளிலிருந்து அந்த ஜெபத்தில் ஓர் இடம் வந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். எங்களுக்குக் கேடு செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல என்று வருமே, அந்த இடம். மற்றவர்கள் சொல்லட்டும். ஆண்டவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல என்னால் ஆகாது.

எலெகனா ஆரம்பித்தார். நாங்கள் சேர்ந்துகொண்டோம். வெளியே, பாய்க்குள்ளிருந்தும் குரல்கள் சேர்ந்தன.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எங்கள் ஜெபத்தில் வந்து சேர எவ்வளவு துணிச்சல்! எழுந்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் ஒரு குரல் தெரிந்த குரலாக இருந்தது. லெயுது அக்கா. ரோபாதியின் அம்மா. இத்தனை வருஷமாகப் பாடகர் குழுவில் என் தோளில் தோள் இடிக்க நின்று பாடுகிறவள். அவள் குரலுக்குப் பக்கத்தில் இன்னொரு குரல், இளசு, தொண்டை கிழிந்த குரல். வார்த்தைக்கு வார்த்தை உடைந்தது.

இருக்கிறான். உள்ளே இருக்கிறான்.

அந்த இடம் வந்தது. நான் வழக்கம்போல வாயை மூடினேன். அன்று எலெகனாவும் நிறுத்திவிட்டார். முற்றத்தில் பாயை வைத்துக்கொண்டு அவராலும் அதைச் சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் நிறுத்தினார்கள். பாய்க்குள்ளும் நின்றுபோயிற்று. அந்த வரியைச் சொல்ல அவர்களுக்கு என்ன உரிமை? அது எங்கள் வரி. கத்தி தீட்டும் சத்தமும் நின்றது. பாதியில் விட்ட ஜெபம் வீட்டுக்கும் கல்லறைக்கும் நடுவில் அப்படியே நின்றது.

ஆண்டவரே, என்னிடம் ஒன்றுமில்லை, இவனை மன்னிக்க என்னிடம் ஒரு துளிகூட இல்லை, வேண்டுமானால் நீர் கொடும் என்று உள்ளுக்குள் கத்தினேன். சண்டைக்காரி மாதிரிதான் கத்தினேன். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் புதைத்த நாளிலிருந்து நெஞ்சுக்குள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று ஓட்டத்தை நிறுத்தியது. வலி அங்கேயேதான் இருந்தது. நடுக்கம் மட்டும் போய்விட்டது.

அந்த வரியைச் சொன்னேன். தனியாக, மெதுவாக, ஒரு சொல்லையும் விடாமல். பிறகு மிச்ச ஜெபத்தையும் நானே முடித்தேன்.

எலெகனா என்னைப் பார்த்தார். "எடுக்கட்டுமா?"

"நானே எடுக்கறேன்."

"அண்ணி!" என்று பெசாமினோ பாதி எழுந்தான். "தினோவ மறந்துட்டியா?"

"வாய மூடுடா. போய் உன் புள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்து."

அவன் கத்தியைப் படியில் போட்டுவிட்டுத் தூணில் நெற்றியை முட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.

பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். ஈரத்தில் கனத்தது. லெயுது அக்கா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் அவன். தாடியே சரியாக முளைக்காத பையன். இவனா? இவனைப் போயா நான் ராட்சசன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்? ஓங்கி ஒரு அறை விட வேண்டும் என்று கை துடித்தது. விடவில்லை.

"எழுந்திரு. வெயில் வருது."

எழுந்திருக்கப் பார்த்தான். விடிவதற்கு முன்பிருந்தே மடக்கி வைத்த கால் மரத்துப்போய் முடியவில்லை. கல்லறையில் கையை ஊன்றப் போனவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு அப்படியே சரிந்தான். வேறு வழியில்லை, நான்தான் கையை நீட்டினேன். அவன் பிடித்தான். வண்டி ஓட்டிய கை. ஐயோ, எவ்வளவு சூடாக இருந்தது. அதை விடாமல் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன்.

பிறகு சமாதானப் பேச்சு, அவர்கள் எங்களுக்குக் காணிக்கையாகப் பாய் கொடுத்தல், சாப்பாடு எல்லாம் முறைப்படி நடந்தது. நான் ஒருவாய்கூடச் சாப்பிடவில்லை.

சாயங்கால ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது எல்லோரும் வழக்கம்போல தினோவின் இடத்தைப் பார்த்தார்கள், பாட்டை அவள் எடுத்துக் கொடுக்கட்டும் என்பதுபோல. யாரும் எடுக்கவில்லை. நான் ஜெபத்தை ஆரம்பித்தேன். ஆண்டவருக்கு மூச்சு முட்டாதபடி, நிறுத்தி நிறுத்தி, எந்த வரியையும் விடாமல் சொன்னேன். அவள் போன பிறகு அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கொஞ்சம் தூங்கினேன். காலையில் விழித்ததும் பழக்கத்தில் அவளுக்கும் சேர்த்துக் கோகோ கரைத்துவிட்டேன்.